சூளை ஒன்று, வேலை இரண்டு: பாண்டம் செய்து விற்பதா, வகுப்பு எடுப்பதா?

போன மாதம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். சென்னையில் கணினி வேலை. ஐந்து வருடமாகச் சனி, ஞாயிறுகளில் சக்கரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கை நன்றாகப் படிந்துவிட்டது. "அக்கா, வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். பாத்திரம் செஞ்சு விக்கறதா, கிளாஸ் எடுக்கறதா? எது சோறு போடும்?" என்றாள். இரண்டு நாள் கொடு என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் எழுதியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

எந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குயவர் வனைகிற பானை 1000 டிகிரிக்குக் கீழேயே வெந்துவிடும். அதன் உடம்பில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. புதுச்சேரிப் பக்கம் நான் செய்வது ஸ்டோன்வேர். வனைந்து காயவைத்த பாண்டத்தை ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் ஒரு முறை சுடுவோம்; அதற்குப் பெயர் பிஸ்க். அப்புறம் கிளேஸ் என்கிற மேற்பூச்சுக் குழம்பில் முக்கி, 1220 முதல் 1300 டிகிரி வரை இரண்டாம் முறை சுடுவோம். அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகும், கிளேஸ் உருகிக் கண்ணாடியாகப் படியும். ஈர மண் இந்த நிலைக்கு வருவதற்குள் நூற்றுக்கு 12 பங்கு போலச் சுருங்கும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வனைந்த கோப்பை கைக்கு வரும்போது 9-க்கும் குறைவாக இருக்கும்.

எல்லாவற்றையும் இரண்டு முறை சுட வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதில்தான் வந்து நிற்கப்போகிறோம். முதலில் பணக் கணக்கு.

நூறு கோப்பை

எல்லோரும் வாங்குகிற பொருள் காபிக் கோப்பை. நூறு கோப்பைக்குக் கைப்பிடியோடு சேர்த்து 45 கிலோ மண் பிசைய வேண்டும். ஒரு கோப்பை வனைய மூன்று நான்கு நிமிடம் போதும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் மொத்தத் தொழில் என்று தோன்றும். மறுநாள் மண் தோல் பதத்துக்கு, அதாவது பாதி காய்ந்து தோல் போல இறுகிய நிலைக்கு, வந்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைத்து அடியைச் செதுக்க வேண்டும். கைப்பிடி இழுத்து, வளைத்து, ஒட்ட வேண்டும். வனைவதைவிட அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். ஒட்டியதைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி மெதுவாகக் காயவிட வேண்டும். மே மாதத்தில் ஒரு மதியம் மூட மறந்தால் போதும். கைப்பிடி மெல்லியது, வெயில் காற்றில் சட்டென்று காய்ந்து சுருங்கிவிடும். கோப்பையின் உடம்பு அப்போதும் ஈரமாகவே இருக்கும். ஒட்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். அதைச் சுடுவதற்கு முன் பச்சை மண்ணிலேயே கண்டுபிடித்தால் மறுபடி தண்ணீரில் கரைத்துவிடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. பிஸ்கிலும் தெரியாமல் போய், கிளேஸ் சூளையைத் திறக்கும்போதுதான் கண்ணில் பட்டால், இரண்டு வார வேலை கையில் உடைந்து கிடக்கும்.

பிஸ்க் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தூசி துடைத்து, அடியில் மெழுகு தடவி, கிளேஸில் முக்கி, மறுபடி அடியை ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்க வேண்டும். அடியில் ஒரு பொட்டு கிளேஸ் தங்கினாலும் கோப்பை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்தபின் அடியைத் தேய்த்து, விலைச்சீட்டு ஒட்டி, வைக்கோலோ காகிதமோ சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் எனக்கு நூறு கோப்பை என்பது பத்து வேலை நாள்.

கடையில் விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 40 சதவீதம் எடுத்தால் நம் கைக்கு 360. நூறில் 85 விற்கிற தரத்தில் வரும்; மீதி கோணல், விரிசல், ஊசித்துளை, ஒட்டிக்கொண்டது. 85 கோப்பைக்கு 30,600 ரூபாய். மண், கிளேஸ், நான்கு முறை சூளை, பெட்டி, வண்டிக் கூலி என்று 9,600 கழித்தால் மிஞ்சுவது 21,000. ஆக, ஒரு நாளைக்கு 2,100 ரூபாய். பட்டறை வாடகை இதில் சேரவில்லை. இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். உங்கள் ஊர் விலைவாசியைப் போட்டு நீங்களே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

விலையை 900 ஆக்கலாமே என்று தோன்றும். ஆக்கலாம். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து கிளேஸ் போட்ட கோப்பைகள் அதில் சிறு பங்கு விலைக்கு ஊருக்கு ஊர் வந்து இறங்குகின்றன. கடை அலமாரியில் இரண்டும் அக்கம்பக்கம் நிற்கும். நம்முடையதை எடுத்து உதட்டில் வைத்தவருக்கு விளிம்பின் மென்மையும், தூக்கினால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருப்பதும், கிளேஸ் தேங்கிய இடத்தில் நிறம் ஆழமாவதும் தெரிய வேண்டும். அது தெரிகிற அளவுக்குக் கை வர எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. அதுவரை உயர்ந்த விலை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உணவகங்களின் ஆர்டர் பார்க்கப் பெரிதாக இருக்கும். இருநூறு தட்டு, எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஆனால் தட்டு சூளையில் இடத்தை விழுங்கும், சுடும்போது நெளியும். முதல் இரண்டு வருடத்துக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்காட்சிக்கென்று தனிப் பாண்டங்கள் செய்வது மனசுக்கு நல்லது, செய்ய வேண்டியதும்கூட. வாடகைக்கு அதை நம்ப முடியாது.

ஆறு சக்கரம்

இப்போது வகுப்பு. ஆறு சக்கரம், ஆறு பேர், இரண்டு மணி நேரம் வீதம் எட்டு வகுப்பு, மண்ணும் சூளையும் சேர்த்து ஒருவருக்கு 6,000 ரூபாய். மொத்தம் 36,000. பதினாறு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் மண் பிசைந்து உருண்டை போட்டு வைக்க வேண்டும். பின்னால் சக்கரம் கழுவி, சேற்றை வடிகட்டி, ஆறு பேரின் பாண்டங்களையும் அதனதன் ஈரத்துக்கு ஏற்ப மூடி வைக்க வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பு என்பது உண்மையில் ஐந்து மணி நேர வேலை. எட்டு வகுப்புக்கு 40 மணி நேரம், அதாவது ஐந்து நாள். செலவு 10,000 போனால் மிஞ்சுவது 26,000. நாளுக்கு 5,200 ரூபாய். கோப்பையைவிட இரண்டரை மடங்கு!

இந்த இடத்தில்தான் பலர் நோட்டை மூடிவிட்டு வகுப்புக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்றால்? வரவு 18,000. செலவு பாதியாகாது, 7,000 என்று வையுங்கள். மிஞ்சுகிற 11,000-ஐ அதே ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 2,200. கோப்பை செய்த அதே கூலிக்கு வந்துவிட்டோம். அதோடு நகரத்து வாடகை. வகுப்புக்கு வருகிறவர்கள் அலுவலகம் முடிந்து வருகிறவர்கள். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டால் மாலை ஆறு மணிக்கு யார் வருவார்கள்?

நகரத்தில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. களிமண் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் ஆறு மாதத்தில் குழாய் கல்லாக அடைத்துக்கொள்ளும். கழுவுகிற தொட்டிக்குக் கீழே இரண்டு வாளி வைத்துச் சேற்றைத் தங்கவிட்டுத்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதைவிட முக்கியம் தூசி. காய்ந்த களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. என் பட்டறையில் விளக்குமாறு கிடையாது. ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான். குழந்தைகள் வருகிற இடத்தில் இதில் ஒரு நாளும் தளர்வு கூடாது. கிளேஸ் பொடி கலக்கும் அறைக்கு அவர்களை விடவே கூடாது.

சரி, இதையெல்லாம் சமாளித்து ஆறு பேரும் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கணக்கில் ஒன்று பாக்கி இருந்தது. இதுவரை என் நாட்களைத்தான் எண்ணியிருந்தேன். சூளையின் நாட்களை எண்ணவே இல்லை.

சூளையின் நாட்காட்டி

என்னிடம் இருப்பது 100 லிட்டர் கொள்ளளவுள்ள மின்சூளை. ஒரு தடவைக்கு அறுபது கோப்பை போல உட்காரும். சுட ஒரு நாள், ஆற ஒரு நாள். ஆறும் நாளைக் குறைக்க வழியே இல்லை. 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டு மூடியைத் தூக்கினால் பாண்டம் டப்பென்று விரிசல் விட்டுவிடும். அதனால் எந்தச் சூளையும் இரண்டு நாள். நூறு கோப்பைக்கு இரண்டு பிஸ்க், இரண்டு கிளேஸ், ஆக 8 நாள். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவும் ஆளுக்குப் பன்னிரண்டு என்று 72 சாமான் செய்வார்கள். ஒன்று சின்ன விளக்கு, ஒன்று பெரிய பூத்தொட்டி, அடுக்கவே வராது. அதற்கும் 8 நாள்.

இப்போது பாருங்கள். கோப்பை செய்தால் என் பத்து நாளுக்குச் சூளையின் எட்டு நாள். வகுப்பு எடுத்தால் என் ஐந்து நாளுக்கே சூளையின் எட்டு நாள். மாதத்துக்கு நான்கு குழு எடுத்தால் எனக்கு இருபது நாள் வேலை, வசதியாகத்தான் இருக்கும். சூளைக்கு 32 நாள் வேலை. மாதத்தில் அத்தனை நாள் இல்லை. வருமானத்தைச் சூளை நாளால் வகுத்தால் கோப்பை 2,625 ரூபாய், வகுப்பு 3,250 ரூபாய். இரண்டரை மடங்கு என்று பார்த்தது கால் பங்கு வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கை எனக்கு யாராவது ஆரம்பத்தில் காட்டியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முயன்று களைத்துப்போகிறவர்கள் தங்களுக்கு நேரம் போதவில்லை என்கிறார்கள். நான் பார்த்த வரையில் அவர்களுக்குப் போதாமல் போனது சூளை.

அப்படியானால் மாணவர் சாமானையும் நம் சாமானையும் ஒன்றாக அடுக்கிவிட்டால்? நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு ஆகஸ்ட் மாதம். சதுர்த்திக்காக ஒரு மாணவர் ஆசையாகப் பிள்ளையார் செய்திருந்தார். தொட்டால் காய்ந்திருந்தது. வயிற்றுக்குள் குடையாமல் முழு மண்ணாகவே இருந்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன். ஓர் ஆர்டருக்கான முப்பது தட்டுகளுக்கு நடுவே அதை வைத்துப் பிஸ்க் போட்டேன். நூறு டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் பிள்ளையாரை வெடிக்கவைத்தது. மறுநாள் திறந்தால் தும்பிக்கைத் துண்டு சூளையின் மேல் அடுக்கில், காது கம்பிச் சுருள் ஓடும் பள்ளத்தில், தட்டுகளில் பதினொன்று உடைந்து கிடக்கிறது. அந்த மாணவருக்கு முகம் வாடிவிட்டது. தவறு அவருடையதில்லை, பார்த்து அடுக்கியிருக்க வேண்டியவள் நான். அன்றிலிருந்து மாணவர் சாமான் தனிச் சூளை. 90 டிகிரியில் ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, அப்புறம்தான் மேலே ஏற்றுவேன்.

சூளையின் வகையும் இந்த முடிவோடு சேர்ந்ததுதான். வகுப்புக்கு மின்சூளைதான் சரி. மும்முனை இணைப்பு வேண்டும். இடத்தை வாடகைக்கு எடுக்கும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகை இல்லை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பலன் கிடைக்கும், மாணவர் எதிர்பார்த்த பச்சை பச்சையாகவே வரும். விறகுச் சூளை நேர் எதிர். சவுக்கு விறகை வெட்டி, காயவைத்து, பகலும் இரவும் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஊட்ட வேண்டும். ஆனால் அதில் கிடைப்பது மின்சூளையில் கிடைக்காது. காற்றைக் குறைத்துச் சுடும்போது தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கிளேஸிலிருந்தே பிடுங்கும். அப்போது செம்பு பச்சையைவிட்டு இரத்தச் சிவப்பாகும், ஒரு துளி இரும்பு கடல் நீர்ப் பச்சையாகும். கேஸ் சூளையிலும் இந்த வித்தை நடக்கும், புகையும் அதிகமில்லை; ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது பனி பூத்து அழுத்தம் விழுந்துவிடும் என்பதால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். செய்து விற்பதுதான் உங்கள் வழி என்றால், பிறர் கோப்பையிலிருந்து உங்கள் கோப்பை வேறுபட இந்த நிறங்கள் பெரிய துணை.

பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்

மட்பாண்டக் கலைஞர் லூசி ரீ 1938-இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்தவர். வியன்னாவில் பெயர் பெற்றிருந்தவரை லண்டனில் தெரிந்தவர்கள் குறைவு. ஆடை வடிவமைப்பு நிறுவனங்களுக்காகப் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தார். 1946-இல் அந்தப் பொத்தான் வேலைக்கு உதவியாகத்தான் ஹான்ஸ் கோப்பர் வந்து சேர்ந்தார். பிறகு இருவரும் சேர்ந்து தேநீர்க் கோப்பைகளும் கிண்ணங்களும் செய்தார்கள். 1960-இலிருந்து கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் ரீ பாடம் எடுத்தார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மாணவர்களின் பாண்டங்கள் கல்லூரிச் சூளையில் வெந்தன, அவருடைய வீட்டு மின்சூளை அவருக்கே இருந்தது. இன்று சர்வதேசப் பள்ளிகளில் மட்பாண்ட ஆசிரியர் வேலை கிடைத்தால் அதே வசதி உங்களுக்கும் உண்டு. மாதச் சம்பளம், பள்ளிச் சூளை, கோடை விடுமுறை. வாரத்தின் நல்ல பகல் பொழுதுகள் போய்விடும் என்பதுதான் விலை.

பெர்னார்ட் லீச்சும் ஷோஜி ஹமாதாவும் 1920-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையின் வழி வேறு. பிற்காலத்தில் அங்கே ஒரே வடிவில் திரும்பத் திரும்பச் செய்யும் அன்றாடப் பாத்திர வரிசை ஒன்று இருந்தது. பழக வந்தவர்கள் அதைச் செய்துதான் பழகினார்கள். பயிற்சியாளர் வனைந்ததே கடைச் சரக்கு. ஆக, சூளைக்குள் இரண்டு தரப்பு இல்லை.

நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. ரே மீக்கரும் ஜப்பானில் பயின்ற தெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அடிப்படை உற்பத்திதான்: உணவு மேசைக்கான ஸ்டோன்வேர், சவுக்கு விறகுச் சூளை, உள்ளூர் ஆட்கள். பிறகு மாணவர்களும் வந்தார்கள். இந்தியாவில் இன்று பெயர் சொல்லும் ஸ்டுடியோ கலைஞர்கள் எத்தனையோ பேர் அங்கே பழகியவர்கள். அங்கே வேலை கற்ற உள்ளூர்க்காரர்கள் தனியாகப் பட்டறை வைத்து, புதுச்சேரி என்றாலே கிளேஸ் பாத்திரம் என்ற பேரை உண்டாக்கினார்கள். கவனித்தால், கற்பித்தல் அங்கே உற்பத்தியின் தோளில் ஏறி வந்தது. வடக்கே சர்தார் குர்சரண் சிங் 1952-இல் தொடங்கிய டெல்லி புளூ பாட்டரியிலும் வேலையும் கற்றலும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

பழக வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டே கடைச் சரக்கு செய்கிற இந்த மூன்றாவது வழிதான் என் மனசுக்கு நெருக்கம். ஆனால் ஆரம்பத்திலேயே எடுக்க முடியாது. பழக வருகிறவருக்குச் செய்துகாட்ட உங்களிடம் நிலையான நாலைந்து வடிவமும், விற்பனைக்கு ஒரு கடையும் முதலில் இருக்க வேண்டும். பழக வருகிறவரும் ஆறு மாதமாவது தங்க வேண்டும். இரண்டு நாள் ஆசைக்கு வருகிறவருக்கு இது ஒத்துவராது. அவர் வனைவது கடைக்குப் போகிறது என்றால் அவருக்கு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். கற்றுத்தருகிறேன் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதைக் கற்பிப்பது

இன்னொரு விஷயம், இது பணக் கணக்கில் வராது. இன்று பல வகுப்புகளில் வனையச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கிளேஸ் என்று வரும்போது ஐந்து டப்பாவைக் காட்டி "எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மாணவருக்கு நிறம் கிடைக்கும், அறிவு கிடைக்காது. நான் முதல் நாளே நான்கு டப்பா பொடி வைப்பேன்: ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் பொடி 20, சைனா களிமண் 10. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. லீச் பட்டறையின் பெயரால் உலகம் முழுக்கத் தெரிந்த கணக்கு இது, 1280 டிகிரியைத் தாண்டும் சூட்டுக்கானது. குவார்ட்ஸ் கண்ணாடி ஆகும், களிமண் அதைச் சுவரிலிருந்து வழியாமல் பிடிக்கும், சுண்ணாம்பும் ஃபெல்ட்ஸ்பாரும் உருக்கிக் கொடுக்கும். இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்புத் துரு சேர்த்துக் காற்றுக் குறைந்த தீயில் சுட்டால் இளம்பச்சை. எட்டுப் பத்துப் பங்கு சேர்த்தால் கருப்பு, விளிம்பில் மட்டும் வெல்லப்பாகு நிறம். நம் ஊர் உமிச்சாம்பலில் சிலிக்கா நிறைய, சவுக்குச் சாம்பலில் சுண்ணாம்பு நிறைய. அவையும் கிளேஸ் ஆகும். இது புரிந்த மாணவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். வகுப்பு எடுப்பதை நான் விடாமல் இருப்பதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம்.

இதில் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. நம் சமையல் புளிப்பு. ரசமும் மோர்க்குழம்பும் ஊறுகாயும் கிண்ணத்தில் நாள் முழுக்க நிற்கும். சரியாக உருகாத கிளேஸிலிருந்து உலோகங்களைப் புளிப்பு இழுத்து வெளியே கொண்டுவரும். ஈயம் கலந்ததைப் பட்டறைக்குள்ளேயே விடக் கூடாது. புதுக் கிளேஸ் எதுவானாலும் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு அதன்மேல் வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் அது சாப்பாட்டுக்கு ஆகாது. வெளுக்கவில்லை என்பதே சான்றிதழ் ஆகிவிடாது. விற்கும் முன் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். சூளையைத் திறந்ததும் டிங், டிங் என்று மெல்லிய சத்தம் கேட்டால், மாணவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கி வலைபோல விரிசல் விடுகிற சத்தம் அது. பூச்சாடிக்குப் பரவாயில்லை. காபிக் கோப்பையில் அப்படிக் கேட்டால் எனக்கு அன்றைய நாள் சரியில்லை.

பொடிகளின் வேதியியல்தான் தன்னை இழுக்கிறது என்று ஒருவர் உணர்ந்தால், அவருக்கு விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றிப் பீங்கான் தொழிற்கூடங்களும் உண்டு. அது தனி வாழ்க்கை, இந்த ஒப்பீட்டுக்குள் அதைக் கொண்டுவரவில்லை.

அவளுக்குச் சொன்னது

மூன்றாம் நாள் போன் செய்து என் முடிவைச் சொன்னேன். இரண்டையும் செய், ஆனால் ஒரே மாதத்தில் செய்யாதே. வருடத்தைப் பிரித்துக்கொள். ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரையும் சூளை உன் சரக்குக்கு. தீபாவளி, கிறிஸ்துமஸ் பரிசுக்கான ஆர்டர் எல்லாம் செப்டம்பர் கடைசிக்குள் பெட்டியில் இருக்க வேண்டும், ஏனென்றால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் பக்கம் பாண்டம் காயவே காயாது. வைத்த தட்டு ஒரு வாரம் கழித்தும் சில்லென்று இருக்கும். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை வகுப்புக்கு. மழை மாதங்களில் சக்கரத்தை மூடிவிட்டு கிளேஸ் வகுப்பு எடு. செப்டம்பரிலேயே வனைந்து பிஸ்க் போட்ட கிண்ணங்களும், கிளேஸ் பூசிப் பார்க்கச் சின்ன மண் சில்லுகளும் கைவசம் இருந்தால் மழை எத்தனை நாள் பெய்தாலும் அந்த வகுப்பு நடக்கும். சில்லுகள் சின்னவை என்பதால் நாற்பது மாதிரிகள் ஒரு சூளைத் தட்டிலேயே அடங்கிவிடும், சூளைக்கும் பாரமில்லை.

முதல் வருடம் ஆறு சக்கரம் வாங்காதே, மூன்று போதும் என்றும் சொன்னேன். மிஞ்சுகிற பணத்தை இன்னொரு சின்ன மின்சூளையில் போடு, மாணவர் பிஸ்குக்கு மட்டும். அவள் கணினிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப இடைஞ்சல் சூளைதானா அக்கா, நான் இல்லையா?" என்றாள்.

கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். ராஜினாமா எழுதும் முன் என் சூளையை ஒரு தடவை முழுசாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அறுபது கோப்பை, ஒரே அளவு, ஒரே கைப்பிடி, அவளே கலக்கிய ஒரே கிளேஸ். பிசைவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை யாரும் கைகொடுக்க மாட்டோம், எத்தனை மணி நேரம் ஆனது என்று அவளே குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்தில் அவள் ஒரு தடவைக்கு எட்டுக்கு மேல் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவு வண்டியேறி வருகிறாள். மண் ஊறிக்கொண்டிருக்கிறது.